நீங்கள் ஆடாமல் விட்ட இறுதியாட்டம்

அன்பு அண்ணா,

உங்கள் மனைவி மெற்றில்டாவிடம், என் மச்சாளிடம், நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன். இனி உங்களிடம் சொல்வதுதான் மிச்சம்.

உங்கள் கணினியில் இருந்த உதைபந்தாட்ட விளையாட்டை நான் அழித்துவிட்டேன். தலைமன்னார்க்காரரின் பெயர்களை வைத்து நீங்கள் உருவாக்கிய அணி, அதன் முன்வரிசையில் மீசையோடு நின்ற நீங்கள், எல்லாம் போய்விட்டன.

நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று, "வந்து ஆடுறன்" என்று இறுதியாட்டத்தைச் சேமித்துவைத்துவிட்டுத்தான் எழும்பினீர்கள். நீங்கள் உயிரோடு திரும்பவில்லை. அதன் பிறகு மச்சாள் அதை யாரையும் தொடவிடவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்து, உங்கள் அணியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்ப்பார். அவருக்கு ஆடத் தெரியாது. பார்ப்பதோடு சரி.

எனக்கு மட்டும் ஏன் அந்த அவசரம்? உங்களுக்காகக் கிண்ணத்தை வெல்லப்போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மச்சாள் மீன் வாங்கப் போன நேரம் பார்த்து ஆடினேன். பொத்தானை அழுத்தி ஒரு நொடி கழித்துத்தான் ஆட்கள் பந்தை உதைத்தார்கள். மூன்று கோல் வாங்கியதும் பாதியில் நிறுத்தினேன். விளையாட்டில்தான் பழுது என்று முடிவுகட்டி, அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன்.

சேமித்த ஆட்டங்களையும் நீக்கவா என்று கணினி கேட்டது. வாசித்தேன், அண்ணா. வாசிக்கவில்லை என்று உங்களுக்கும் பொய் சொல்ல முடியாது. பழையது ஏதும் மிஞ்சினால் பழுதும் மிஞ்சும் என்று நினைத்து, ஓம் என்று அழுத்தினேன். அந்தப் பழையதுக்குள் நீங்களும் இருப்பீர்கள் என்று ஏன் நினைக்கவில்லை?

புதிதாக நிறுவியதிலும் அதே தடங்கல். அப்போதுதான் கையில் பிடித்து ஆடும் கருவியைத் திருப்பிப் பார்த்தேன். உதைக்கிற பொத்தான் உப்புக்காற்றில் இறுகிக் கிடந்தது. துடைத்ததும் சரியாகிவிட்டது. பழுது அவ்வளவுதான்.

கரண்ட் நின்றதில் அழிந்துவிட்டது என்று மச்சாளிடம் சொன்னேன். அவர் நம்பினார். "நீர் என்ன செய்வீர் தம்பி, யோசிக்காதையும்" என்று தேத்தண்ணி போட்டுத் தந்தார். வாங்கிக் குடித்தேன். அழித்ததைவிட அந்தத் தேத்தண்ணியை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

பத்து நாளுக்குமேல் தாங்கவில்லை. நேற்று எல்லாவற்றையும் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை. மெல்லக் கேட்டார்:

"அவர் முடிக்காமல் விட்டது அப்பிடியே இருக்கட்டும் எண்டுதானே வைச்சிருந்தனான். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதையும் என்றார். அங்கிருந்து வந்துவிட்டேன்.

அவராகக் கூப்பிடும்வரை போகமாட்டேன், அண்ணா. ஆளனுப்பி மன்னிப்புக் கேட்கவும் மாட்டேன். கூப்பிடாவிட்டால் அதையும் ஏற்றுக்கொள்வேன். ஒரு தடவை அவசரப்பட்டது போதும்.

வெட்கத்தோடு,
உங்களுக்கு அடுத்துப் பிறந்த தம்பி,
யூட்