கத்தியைக் கண்டால் மடங்கும் கை

கட்சால் தீவு
12-10-1976

அன்பு மகன் சிவஞானத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. சென்னையில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க முருகன் துணை செய்யட்டும். எங்களுக்கும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், உன்னிடம் பொய் எழுத மனம் வரவில்லை. அப்பாவின் கை திரும்பவும் பழையபடி ஆகிவிட்டது.

சென்னை ஆஸ்பத்திரியில் நீ பக்கத்திலேயே நின்று பார்த்தாய். தலையில் ஈரப் பஞ்சை வைத்துக் கட்டி, எறும்பு ஊர்கிற மாதிரி லேசாகக் கரண்டு விட்டுக்கொண்டே, அந்தப் பயிற்சி அம்மா அவர் விரல்களை நீட்டி மடக்கப் பழக்கினாளாம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தியைக் கொடுத்ததும் விரல் சுருளாமல் பிடித்தார் என்று நீ எழுதினாய், நானும் சாமிக்குப் பொங்கல் வைத்தேன். சென்னையிலிருந்து திரும்பிக் கப்பலை விட்டு இறங்கிய புதிதில் நன்றாகத்தான் வெட்டினார். மழை விட்டு மறுபடி பால்வெட்டு தொடங்கியதும் மணிக்கட்டு திருகிக்கொண்டு, கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கிவிட்டது. அடுத்தடுத்து மரங்கள் காயம்பட்டதால் தோட்டத்துத் துரை அவரைக் களை பிடுங்க அனுப்பிவிட்டார். துரையைக் குறை சொல்ல முடியாது, மரம் செத்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஊர் வாயைத்தான் தாங்க முடியவில்லை. சோறு பிசைகிறார், பொத்தான் போடுகிறார், கத்தி ஒன்றுக்குத்தான் கை மடங்குகிறது, இப்படி ஒரு நோவு லட்சத்தில் ஒருவருக்கு வரும் என்று டாக்டர் சொன்னதை யாரிடம் போய்ச் சொல்ல? பக்கத்து லயத்துச் சுப்பம்மாள், தேங்கா துருவ ஏலுமாம், கத்தி மட்டும் புடிக்க ஏலாதாம் என்று குழாயடியில் சிரித்தாளாம். தலையில் கரண்டு வைத்ததைக் கேள்விப்பட்ட கடைக்காரர், பாகல் ஹோ கயா க்யா என்று என்னிடமே கேட்கிறார். அப்பாவுக்குப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். நல்ல ஜனங்கள்!

கரண்டும் பயிற்சியும் சேர்ந்து நடந்தால்தான் குணம் நிற்கும், மறுபடி கூட்டி வா என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அப்பா மாட்டேன் என்கிறார். வீட்டில் வெட்டுக்கு ஆள் இல்லாவிட்டால் தோட்டம் கொடுத்த இந்த லயத்து அறை நமக்கு நிற்குமோ என்ற பயம். சிலோனிலிருந்து மூட்டை கட்டினது போதும், இங்கேயிருந்தும் கட்ட என்னால ஏலாது என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால் நானே வெட்டுக்குப் போகிறேன் என்று துரையிடம் கேட்டேன், பழகிக்கொண்டு வா என்றார். காற்றில் முறிந்த ஒரு மரத்தில் பழகுகிறேன். நேற்றுக் கத்தி சரிந்துகொண்டே போனது, அப்பா பொறுக்க மாட்டாமல் என் கைமேல் தன் கையை வைத்து வெட்டிக் காட்டினார். அந்தக் கை மடங்கவில்லை ராசா. ஒரே சீராக இழுத்தார். அவரும் அதைக் கவனித்துவிட்டார், என்னை விலக்கித் தனியாகக் கத்தியைப் பிடித்தார், உடனே சுருண்டுகொண்டது. மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. அப்பாவுக்கு எழுதும்போது கையைப் பற்றிக் கேட்காதே, வேறு எதையாவது கேள். நீ நூறாயுசு இருக்க வேண்டும். இன்னொருவர் கைமேல் வைத்தால் அவர் கை ஏன் மடங்கவில்லை என்று மறக்காமல் டாக்டரைக் கேட்டு எழுது. எனக்கு வெட்டு ஓரளவு பிடிபட்டுவிட்டது. ஆனாலும் உன் பதில் வரும்வரை கொஞ்சம் கோணலாகவே வெட்டுவேன், அப்போதுதான் அவர் கை வைப்பார்.

உன் அம்மா
மீனாம்பாள்