பத்து நிமிட நடையில் கடல்

முல்லைத்தீவு
13.02.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். நீங்களும் அப்படியே பதில் எழுத வேண்டும்.

வலென்சியாவில் நீங்கள் இருக்கும் கபன்யால் பகுதியைப் பற்றிய கடிதத்தை, கடற்கரை வாடியில் வலை தைக்கும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கணவாய் மையில் சோறு சமைப்பார்கள் என்றதும் மார்கிறட் மாமி, "நாங்கள் கழுவி ஊத்துறதை அவங்கள் காசு குடுத்துத் தின்னுறாங்களோ!" என்றார். சட்டியில் அடிப்பிடித்த சோற்றுக்குப் போட்டி என்று வாசித்தபோது, "அப்ப என்ர மருமகளை அங்க அனுப்புங்கோ. ராசாத்தி மாதிரி இருப்பாள்" என்றார். அம்மா சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

ஆனால் அப்பா, மாலையில் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். நூலகத்தில் வரைபடம் பார்த்தேன். வலென்சியாவும் எங்களைப் போலக் கிழக்குக் கரைதான். அங்கே சூரியன் கடலில் உதிக்கும், மறையாது. கடலுக்குப் போனவர் இதில் பிழை விடுவாரா?

நீங்கள் அங்கே நன்றாக இருக்கிறீர்கள், இனிக் கடலுக்குத் திரும்ப மாட்டீர்கள் என்று அம்மா பாஸ்காத் திருநாளுக்குப் பிறகு உங்கள் படகை விற்கப் போகிறார். அதனால்தான் கேட்கிறேன்.

உங்கள் மகள்
டிலுசா

வலென்சியா
05.03.2023

அன்பு மகளுக்கு,

பிடித்துவிட்டாய். நான் இங்கே கடலைப் பார்க்கவில்லை. பத்து நிமிட நடைதான். ஆனால் என்னிடம் இன்னும் விசா இல்லை. பொலிசுக்குப் பயந்து, இரண்டு வருடமாக உணவகக் குசினியிலும் அதன் மேல் அறையிலும் இருக்கிறேன்.

சாப்பாட்டுக் கோப்பை கழுவுகிறேன். இந்த ஊரைத் திரும்பி வரும் கோப்பைகளில்தான் படித்தேன். கறுப்புச் சோற்றில் எலுமிச்சைத் துண்டு மிஞ்சும். வெள்ளிக்கிழமைகளில் பாண் மிஞ்சாது. அடிப்பிடித்த சோற்றை ஒருவரும் மிச்சம் விடுவதில்லை. அதனால் அதன் ருசி எனக்குத் தெரியாது. சந்தையும் தெருவும் என்னோடு வேலை செய்யும் மொறோக்கோக்காரர் சொன்னவை.

படகு இருந்தால் நான் திரும்பி வந்து தொழில் செய்யலாம். போனில் அம்மாவின் குரலைக் கேட்டால் எனக்குச் சொல்ல வாய் வருவதில்லை. நீ சொல்லு, மகள்.

அப்பா
மத்தேயு

முல்லைத்தீவு
18.04.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் வந்த அன்று அம்மாவை அறைக்குள் கூப்பிட்டேன். "என்ன ரகசியம்? எல்லாரும் காத்துக்கொண்டு இருக்கினம், வாசி பிள்ளை" என்று வாடிக்கு இழுத்துப் போனார்.

வாசித்தேன். நீங்கள் எழுதாததை. தோடம்பழ மரங்கள் நிற்கும் தெரு, சந்தையில் ஒரு கிழவி உங்களுக்கென்று எடுத்து வைக்கும் மத்தி மீன் என்று நானே சேர்த்தேன். மார்கிறட் மாமி கைதட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னார்: "புயலுக்கையும் ஷெல்லுக்கையும் தொழிலுக்குப் போன மனுசன். இனி எண்டாலும் நிம்மதியா இருக்கட்டும். எனக்கு அது போதும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிறகும் ஐந்து நாட்கள் இருந்தன. ஒவ்வொரு நாளும் நாளை என்று நினைத்தேன்.

நேற்றுப் படகைத் தவராசா அண்ணை வாங்கிப் போனார். கரையில் வைத்தே படகின் முன் அணியத்தில் இருந்த என் பெயரை நீலப் பெயின்ற் பூசி மறைத்தார். "குறை நினையாத, தங்கச்சி" என்றார். பெயர் அழிந்ததற்காகத்தான் நான் அழுகிறேன் என்று நினைத்து அம்மா என் தலையைத் தடவினார்.

அம்மா விற்கவில்லை, அப்பா. நான்தான் விற்றேன். நீங்கள் எந்த வழியாகத் திரும்பி

நூலகத்தில் இருந்துதான் எழுதுகிறேன், லைற்றை நிறுத்துகிறார்கள்.

டிலுசா