படைப்பு நாட்களில் பூட்டப்படும் பிரசவ விடுதி

அனுப்புநர்:
திருமதி சேதுலட்சுமி, பி.ஏ.,
க/பெ. நாகராசு, ஆசிரியர்,
வடக்குத் தெரு, காட்டுவேலம்பட்டி,
திருமயம் தாலுகா.

பெறுநர்:
உயர்திரு ரெவின்யூ டிவிஷனல் ஆபீசர் அவர்கள்,
புதுக்கோட்டை.

பொருள்: காட்டுவேலம்பட்டி முத்தாள் தரும பிரசவ விடுதி இம்மாதம் 20-ஆம் தேதி முதல் பதினொரு நாட்கள் மூடப்படுவது, அந்நாட்களில் பிரசவிக்க இருக்கும் செவந்தி என்பவருக்காக அதைத் திறந்து வைக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளி, குடிதண்ணீர் ஊருணி, பிரசவ விடுதி மூன்றையும் ஏற்படுத்தி நடத்தி வருவது முத்தாள் தரும ஸ்தாபனம். என் கணவர் படித்தது அவர்கள் உதவியில். இப்போது வேலை பார்ப்பதும் அவர்கள் பள்ளியில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றி கெட்டவள் என்று பின்னால் யாரும் தங்களிடம் வந்து சொல்ல வேண்டியதில்லை. போன வருஷமே எழுதியிருக்க வேண்டிய மனுவை இன்று எழுதுவதற்கும் அந்த நன்றியும், அவருடைய வேலையைப் பற்றிய பயமுமே காரணம்.

2. ஸ்தாபகர் முருகப்பச் செட்டியாரின் தாயார் முத்தாள் ஆச்சி, இருபத்திரண்டு வயதில் பிரசவத்தில் இறந்தவர். அந்தத் துக்கத்தில்தான் மகன் பிற்காலத்தில் இவ்விடுதியைக் கட்டினார். அந்த அம்மாளுக்கு ஒவ்வொரு வருஷமும் குடும்பத்தார் சேலை வைத்து, சோறு சமைத்துப் படைத்து, ஊருக்கே சாப்பாடு போடுகிறார்கள். இதைப் படைப்பு என்பார்கள். படைப்பு வீடும் விடுதியும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. பிரசவத் தீட்டு ஆகாது என்று படைப்புக்கு முன்னும் பின்னுமாகப் பதினொரு நாள், கேட்டில் நோட்டீசு ஒட்டி, விடுதியைப் பூட்டிவிடுகிறார்கள்.

3. படைப்பை நான் குறை கூறவில்லை. அவரவர் முன்னோர், அவரவர் முறை. ஆனால் ஐயா, எந்தப் பெண் பிரசவத்தில் உயிரை விட்டாளோ அவளுக்குச் சேலை வைப்பதற்காக, பிரசவ வலியோடு வந்தவளைத் தெருவில் நிறுத்துவது என்ன முறை? ஆச்சியே எழுந்து வந்தாலும் அந்த வாசலில் உள்ளே விடமாட்டார்கள் போலிருக்கிறது.

4. தெருவில் நின்றவள் நான்தான். சென்ற வருஷம் படைப்பன்று எனக்கு மூன்று வாரம் முன்னதாகவே வலி கண்டுவிட்டது. எங்கள் ஊர் ஆண்டிச்சாமியின் மாட்டு வண்டியில் படுக்க வைத்துக் கொண்டு போனார்கள். கேட்டில் பூட்டு. ஸ்தாபனத்தின் காரியஸ்தர் சோலையப்பன் வெளியே வந்தார். என் கணவர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவரோ, “வாத்தியாரே, பிரசவம்னா முன்னப் பின்ன ஆகும். படைப்புத் தேதி மாறுமா? திருமயத்துக்கு ஓட்டச் சொல்லுங்க” என்றார். திருமயம் ஒன்பது மைல்.

விடுமுறையில் அனுப்பப்பட்டிருந்த நர்ஸ் ஆரோக்கியம்மாள் தகவல் கேட்டு ஓடி வந்து, வண்டிக்குள்ளேயே குழந்தையை எடுத்தார்கள். கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. குழந்தை அழவில்லை. மருந்தும் கருவிகளும் பூட்டிய அறைக்குள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஊர்ச் சாப்பாட்டுக்கு அண்டா அண்டாவாக உலை கொதித்துக்கொண்டிருந்தது. புகை எங்கள் வண்டி மேல்தான் வந்தது. ஒரு செம்பு வெந்நீர் கேட்டதற்கு, “படைப்புப் பாத்திரம், வெளிய போகப்படாது” என்று பதில் வந்தது. நர்ஸம்மாள் தன் வாயால் ஊதி ஊதித்தான் என் மகள் மூச்சு விட்டாள். அது எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அவள் தூங்கும்போது மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன்.

5. மறுநாள் காரியஸ்தரே படைப்புச் சோறும் ஒரு சேலையும் கொண்டு வந்து கொடுத்தார். “புள்ள பொழச்சிருச்சுல்ல, அப்புறம் என்ன ஆத்தா?” என்றார். அன்பாகத்தான் சொன்னார். பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை என்பவள், “பி.ஏ. படிச்ச புள்ள, நோட்டீசைப் படிச்சுப்புட்டு வலி எடுத்திருக்கக்கூடாதா?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சோற்றையும் சாப்பிட்டேன். அதற்காக இன்று வெட்கப்படுகிறேன்.

6. இவ்வருஷ நோட்டீசும் கேட்டில் ஒட்டியாயிற்று. பிப்ரவரி 20 முதல் மார்ச் 2 வரை. கூலி வேலை செய்யும் பிச்சைமுத்துவின் மனைவி செவந்திக்கு இம்மாதக் கடைசி வாரத்தில் பிரசவம். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடப்பதாகவும், வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது என்றும் நர்ஸம்மாள் கண்டித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆபத்தானால் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோக விடுதியில் ஒரு வேன் உண்டு. படைப்பு நாட்களில் அது உறவினர்களை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வரப் போய்விடும். முன்கூட்டியே டவுனுக்குப் போய்த் தங்கலாமே என்றால், வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள், டவுனில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. போன வாரம் காரியஸ்தரிடம் நானே போய்க் கேட்டேன். “இது தரும ஆசுபத்திரி ஆத்தா. நெனச்சப்பத் தொறக்கச் சொல்ல இது கவர்மெண்டு இல்ல” என்றார்.

7. கவர்மெண்டு ஏன் இல்லை என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் ஊரார் சர்க்கார் பிரசவ விடுதி கேட்டு மனுச் செய்தார்கள். தரும விடுதி ஏற்கெனவே இருப்பதால் இல்லாத ஊர்களுக்கே முதலிடம் என்று பதில் வந்தது. நியாயம்தான். ஆனால் தருமம் இருக்கிறதென்று சர்க்கார் வரவில்லை. தருமமோ தன் இஷ்டத்துக்குப் பூட்டிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் வண்டியில் கிடந்து பெற்றுக்கொள்ள வேண்டும். கொடுப்பவர்களைக் கேள்வி கேட்கக் கூடாது என்றால், வாங்குகிறவர்களுக்கு உயிர் மட்டும் எதற்கு?

8. நான் கேட்பது பெரிதல்ல. விடுதிக்கு ஊருணிப் பக்கம் ஒரு பின்வாசல் உண்டு. படைப்பு வீட்டுக்கு அதனால் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த வாசலையும் பிரசவ அறையையும் பதினொரு நாளும் திறந்து வைக்கவும், நர்ஸம்மாளைப் பணியில் இருக்கச் செய்யவும், வேனை ஊரிலேயே நிறுத்தவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். நர்ஸம்மாள் இதில் கையெழுத்திட முன்வந்தார்கள். வேலை போய்விடும் என்று நான்தான் தடுத்தேன். என் கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தபால் தலை வாங்கி வந்து கொடுத்தார்.

குழந்தைக்காக நடுநடுவே எழுந்து போய் வந்து எழுதியதால் எழுத்து ஒரே சீராக இராது, பொறுத்தருள வேண்டும்.

20-ஆம் தேதி காலையில் கேட் பூட்டப்படும். அதற்குப் பிறகு வலி கண்டால் செவந்தி எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பதை 19-ஆம் தேதிக்குள் தாங்கள் தெரிவிக்க வேண்டும். அவள் தினமும் என்னிடம் வந்து கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
சேதுலட்சுமி

செவந்தி, க/பெ. பிச்சைமுத்து
(இடது கைப் பெருவிரல் ரேகை)

இடம்: காட்டுவேலம்பட்டி
தேதி: 8-2-1958