மகள் கேட்ட சீசன்

கார்த்திகை, ஞாயிறு இரவு

இன்றைக்கும் மகளிடம் அசடு வழிந்தேன். "நைனா, மாமல்லபுரத்துலேர்ந்து புதுச்சேரி வரைக்கும் கடலோரமாவே நடக்கணும். எந்த சீசன் நல்லது?" என்று கேட்டாள். செங்கல்பட்டில் தினமும் மின்சார ரயில் ஏறுகிறவன் புத்தி வேறு எங்கே போகும்? "மூணு மாச சீசனா எடுத்துடும்மா, அதான் லாபம்" என்றேன்.

"ஐயோ நைனா, ரயில் பாஸ் இல்ல. எந்த மாசம் நடக்கலாம்னு கேட்டேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "தை பொறந்தா நான் பெங்களூர்ல வேலைக்குச் சேரணும். அதுக்கு முன்னாடி போணும். நீயும் வரணும்" என்றாள்.

"அப்போ மார்கழிதான் பெஸ்ட்டு" என்றேன், ஏதோ கடலையே குத்தகைக்கு எடுத்தவன் மாதிரி.

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "மார்கழில மழை புடிச்சுகினா இன்னா பண்ணுவ?"

"குடை கீது."

"முட்டி புடிச்சுகினா?"

"தைலம் கீது."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மழை முழுக்க விட்டு, மணலும் சுடாமல், நடக்கச் சுகமான மாதம் மாசிதான். அதை மட்டும் நான் சொல்லவில்லை.