சட்டை பேண்ட்டு போட்ட ராஜா

என் உயிரோடு கலந்த எஸ்தர் அக்கா,

நீ ஆசைப்பட்டபடியே நாடகத்தைப் போட்டுவிட்டோம். முடிந்து இரண்டு வாரமாகிறது. அசதி இன்னும் தீரவில்லை. செம்பூரில் ஆபீஸ், அங்கிருந்து ஓடிவந்து தாராவியில் ஒத்திகை, பிறகு சமையல். இத்தனை வருஷம் இதையெல்லாம் தனியாளாக எப்படி இழுத்தாய்?

ராஜா வேஷம் தங்கதுரை அண்ணனுக்குத்தான். வருஷாவருஷம் வெல்வெட் அங்கியும் கிரீடமுமாக அவர் நடிக்கும் அதே பழைய நாடகம். கோட்டையைப் பெரிதாக்க ஒரு குடியிருப்பையே காலி செய்யச் சொல்லும் அரசன். அவனிடம் முறையிட வரும் பெண். இந்த முறை எல்லோருக்கும் இன்றைய உடுப்புதான் என்று நீ சொன்னதும் அவர் முகம் தொங்கிப்போனதே, ஞாபகம் இருக்கிறதா?

"கிரீடம் இல்லாம எவம்மா என்னைய ராஜான்னு நம்புவான்?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நீ சிரித்தாய். "சட்டை பேண்ட்டு போட்டவங்க சொல்லித்தானண்ணே இப்ப எல்லாம் நடக்கு?"

நீ எங்களை விட்டுப் போன பிறகு அவர் மறுபேச்சே பேசவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். நீ நடிக்க இருந்த பெண் வேஷம் என் தலையில் விழுந்தது. ஆபீஸ் போகும் சுடிதாரிலேயே மேடையேறினேன்.

"அந்தக் குடியிருப்பை இன்றே அகற்றுங்கள். குடிகளுக்கு வேறிடம் அளிப்போம்!" என்று அண்ணன் முழங்கினார். முன்பெல்லாம் அந்தக் குரலுக்கே விசில் பறக்கும். அன்று ஒரு விசிலும் இல்லை. நம் சந்துப் பெரியவர் ஒருவர் கூட்டத்திலிருந்து எழுந்தார்.

"எங்கவே குடுப்பீரு? எடத்தைச் சொல்லும்!"

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரிகள் வந்து இடிப்பதற்காக வீடுகளை அளந்துவிட்டுப் போன நாளிலிருந்து நம் சந்தே கேட்கும் கேள்வி அது. அண்ணனுக்கு வசனம் மறந்துபோயிற்று.

"எனக்கும் தெரியலவே," என்றார். "நானும் மாடில வாடகைக்கு இருக்கவன்தாம். இடிச்சா எனக்கு மாத்து வீடு உண்டா இல்லையான்னு எவனும் சொல்ல மாட்டேங்கான்."

நாற்காலியை விட்டு எழுந்து, மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தோடு போய் உட்கார்ந்துவிட்டார். மேடையில் நான் மட்டும். ராஜாவின் காலில் விழுந்து பேச வேண்டிய வசனம் என்னுடையது. யார் காலில் விழ? காலி நாற்காலியைப் பார்த்து, நின்றபடியே சொல்லி முடித்தேன். கைதட்டல் இல்லை. முன்வரிசையில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் கிரீடத்தோடு போட்டால்தான் நாடகத்துக்கு ஹால் தருவோம் என்கிறார்கள் ஹால்காரர்கள். நீ நினைத்தது நடந்ததா, கெட்டுப்போனதா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ராஜா மனம் மாறும் கடைசிக் காட்சி நடக்கவேயில்லை. நடந்திருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

நேற்று அண்ணன் வீட்டுக்கு வந்தார். கோவண்டியிலும் இந்த நாடகத்தைப் போடச் சொல்லிக் கேட்கிறார்களாம். "மைக்கெல்லாம் நாமதாம் கொண்டுபோணும். வாரியாம்மா?" என்றார். இடுப்பு விட்டுப்போகிறது, தூக்கம் போதவில்லை. சரி என்றேன்.

கடைசிக் காட்சியை மாற்றி எழுதப் போகிறேன் அக்கா, இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. ராஜா மனம் மாறமாட்டான். ஆனால் பதில் வரும்வரை அந்தப் பெண் மேடையை விட்டு இறங்கமாட்டாள்.

உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா