நீ சைபர் போடாத இடம்

காலையில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீரை முதலில் நுனிநாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன். மருமகள் சிரிக்கிறாள். இந்தப் பழக்கம் உன்னிடமிருந்து வந்தது என்று அவளிடம் சொன்னதில்லை. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று உன் மகன் போனில் சொன்னபோதுகூட, "எப்போ? யார் சொன்னது? நல்லாப் பாத்தீங்களா?" என்று போலீஸ்காரி மாதிரி கேட்டேன். என் புத்தி உனக்குத் தெரியாததா?

நாம் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது ஒரு நாள், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் வகுப்பு. மேடம் கரும்பலகையில் ஒரு தொட்டியை வரைந்தார். ஒரு பக்கம் உப்புத்தண்ணீர் உள்ளே வருகிறது. மறுபக்கம் கலந்த தண்ணீர் அதே வேகத்தில் வெளியே போகிறது. வரும் உப்பிலிருந்து போகும் உப்பைக் கழித்தால், தொட்டியில் உப்பு மாறும் வேகம் கிடைக்கும். நாங்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தோம். நீ எழுந்து நின்றாய்.

"மேடம், தொட்டிக்குப் பதிலாக் கெணறா இருந்தா?"

"கெணறோ தொட்டியோ, கணக்கு ஒண்ணுதாம்மா. உக்காரு."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அப்பாவின் சாயப்பட்டறை மேட்டில் இருந்தது, எங்கள் தோட்டத்துக் கிணறு அதற்குக் கீழே பள்ளத்தில். பட்டறைக் கழிவு இறங்கி, அந்த வருடம்தான் எங்கள் தண்ணீர் கரிக்கத் தொடங்கியிருந்தது. உன் அப்பாவும் புரோக்கரை அனுப்பித் தோட்டத்தை விலைக்குக் கேட்டிருந்தார். இதெல்லாம் தெரிந்த ஒருத்தி எழுந்து கிணற்றைப் பற்றிக் கேட்டால் நான் என்ன நினைப்பேன்? உளவு பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மொபெட்டில் வந்து இறங்கினாய். படிக்க வந்தேன் என்றாய். நேராகக் கிணற்றுக்குப் போய் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாய். அதற்கடுத்த வாரமும் வந்தாய். அம்மா உனக்கு ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கிச் சோற்றில் ஊற்றினாள். எனக்கு ஒரு கரண்டி, உனக்கு இரண்டு. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

என் அப்பாவோ கணக்குப் படிக்கும் சொந்த மகள் பக்கத்தில் நிற்க, உன்னைப் பார்த்துத்தான் கேட்டார். "ஏங்கண்ணு, ரெண்டு மூணு வருசம் பொறுத்தா இந்தத் தண்ணி மறுக்கா நல்லாயிருமா? உங்க கணக்குல பாத்துச் சொல்லு. நல்லாகும்னா, நான் தோட்டத்த யாருக்கும் குடுக்கறதா இல்ல."

நீ மோட்டார் ரூம் கதவில் சாக்பீஸால் போட்டாய். கிணறுதான் தொட்டி, ஊற்றுதான் உள்ளே வருவது, மோட்டார் இறைப்பது வெளியே போவது. கடைசி வரியை எழுதிவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தாய்.

"ஆகாதுங்க மாமா. வர்ற தண்ணி எவ்வளவு கரிக்குதோ, போகப்போகக் கெணறும் அவ்வளவு கரிக்கும். வித்துப்போடுங்க."

அப்பா தென்னைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விலைக்குக் கேட்பது அப்பன், விற்கச் சொல்வது மகள்!

நீ போனதும் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். தொகையிட்டதில் பிழையில்லை, மாறிலியைக் கண்டுபிடித்ததிலும் பிழையில்லை. பிடிபட்டது முதல் வரியில். உள்ளே வரும் தண்ணீரின் உப்புக்கு 'சி' என்று பெயர் வைத்திருந்தாய். அது என்றைக்கும் மாறாது என்று நீயாகவே வைத்துக்கொண்டாய். அந்த இடத்தில் நான் சைபரைப் போட்டேன். உப்பு மளமளவென்று இறங்கியது. ஊற்றில் உப்பு நின்றால் கிணறு பிழைத்துவிடும்!

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் உன்னைப் பிடித்தேன்.

"'சி'யை எதுக்கு அப்படியே உட்ட? சைபர்னு போட்டா எங்க கெணறு நல்லாவுது. யாரு சொல்லிக் குடுத்து வந்த?"

உனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். நீ சாலையைப் பார்த்தபடி சொன்னாய். "சைபர்னு போடோணும்னா எங்கப்பா சாயத்தண்ணிய உடறத நிறுத்தோணும். நிறுத்த மாட்டாரு புள்ள. எங்கப்பாவ எனக்குத் தெரியும்."

பஸ் வந்தது. நீ ஏறவில்லை. "வித்துருங்க. ஆனா எங்கப்பாவுக்குக் குடுக்காதீங்க. உப்பக் காட்டியே வெலயக் கொறைப்பாரு. பனியன் துணி பின்னற நிட்டிங் ஷெட் போடறவுங்களாப் பாருங்க. மிசினுக்குக் கரண்டு போதும், நல்ல தண்ணி வேண்டியதில்ல."

இதையும் நான் நம்பவில்லை. வீட்டில் சொன்னேன். "பெத்த அப்பனுக்கு எதிரா ஒரு புள்ள பேசுமா? இதுல என்னமோ இருக்குது" என்றார் அப்பா. அவருடைய மகள்தானே நான். ஆனாலும் ஒரு பனியன் கம்பெனிக்காரரை வரவழைத்தார். வந்தவர் கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கரண்டுக் கம்பம் எங்கே என்றுதான் கேட்டார். அன்றைக்குத்தான் அப்பா உன்னை நம்பினார். நல்ல விலைக்கு விற்றோம். அந்தப் பணத்தில்தான் டவுனில் வீடு வாங்கினோம், நான் எம்.எஸ்ஸி. படித்தேன்.

நீ படிக்கவில்லை. கிரயம் முடிந்த கொஞ்ச நாளில் வகுப்புக்கு வருவது நின்றது. பரீட்சைக்கும் வரவில்லை. உனக்கு மடத்துக்குளம் பக்கம் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள் என்றார்கள். பஸ் ஸ்டாப்பில் நாம் பேசியதை உன் அப்பாவிடம் யார் சொன்னது? புரோக்கரைச் சந்தேகப்பட்டேன். அன்றைக்கு நம் பக்கத்தில் நின்றவர்களை எல்லாம் சந்தேகப்பட்டேன். இன்றைக்கும் அந்தப் புரோக்கர் வீட்டு விசேஷத்துக்குப் போவதில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் உன்னைப் பார்த்தேன். இடுப்பில் பிள்ளை. பந்தியில் தண்ணீர் டம்ளரைத் தொட்டு நாக்கில் வைத்தாய், அதை வைத்துத்தான் நீ என்று அடையாளம் தெரிந்தது. உன்னைத் தனியாக இழுத்துப் போய்க் கேட்டேன். "எங்களுக்குச் சொன்னதுனாலதான் உன்னயப் படிக்க உடலயா?"

நீ சிரித்தாய். "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது. அந்த எடத்துல சைபர் போட்டுக்க புள்ள."

அன்றைக்கு நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் நம்பவில்லை. சொந்த அப்பாவுக்கே சைபர் போட மறுத்தவள் நீ. நிற்காத ஒன்றை நின்றதாக எழுதக் கூடாது என்று எனக்குக் காட்டியவள். இத்தனை வருடம் கல்லூரியில் பெண்களுக்கு இதே கணக்கை நடத்தியிருக்கிறேன். முதல் வரியிலேயே நிறுத்தி, "உள்ளே வருவது நிற்கும் என்று உனக்கு யார் சொன்னது?" என்று கேட்பேன். என்னைக் கெடுபிடிக்காரி என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

எனக்காக நீ இழந்ததை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கரிக்கிறது. நாள் போனால் குறையும் என்கிறார்கள். அந்த இடத்தில் சைபர் போட என்னால் முடியாது, புள்ள.