ஒரகடம் திருப்பத்தில் ஜீப்புக்கு மூச்சு வாங்குவது பற்றி

அம்மா,

இந்தப் பிரபஞ்சத்தில் ஆவி என்று ஒன்று உண்டென்றால் அது ரேடியேட்டரிலிருந்து வருவது மட்டும்தான். இதை இன்று நிரூபித்துவிட்டேன்.

அப்பாவின் பழைய ஜீப்புக்கு எஞ்சின் வேலை பார்த்த வேல்ராஜ் அண்ணன், விசிறியை முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருக்கிறார். அதனால்தான் அவ்வளவு சூடு. நீ கோயிலுக்குப் போனதும் நானே கழற்றிச் சரியாக மாட்டினேன். மத்தியானம் அவர் வருவார். திட்டாதே, காபி கொடு. சாவி ஆணியில் இருக்கிறது. ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறந்துவிடாதே.

நேற்று ஒரகடம் திருப்பத்தில், அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அதே இடத்தில், சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. "அப்பாக்கு மூச்சு வாங்கறதுடா, செத்த நிறுத்து" என்றாய். "செத்தவாளுக்கு ஏதும்மா மூச்சு?" என்றேன். காலேஜில் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். நீ அதற்கப்புறம் என்னோடு பேசவேயில்லை.

எனக்குத் தளிகை எடுத்துவைக்க வேண்டாம். கேன்டீனில் பார்த்துக்கொள்கிறேன்.

வைகுந்த்

பி.கு.: ரசத்தில் உப்பு இல்லை. கோபத்தில் மறந்திருப்பாய். போட்டுவிட்டேன்.

இன்னொன்று. விசிறியை மாட்டியதும் ஒரகடம் வரை ஓட்டிப் பார்த்தேன். முள் பாதியைத் தாண்டவில்லை. நிறுத்த ஒரு காரணமும் இல்லை.

(இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.) திருப்பத்தில் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன். கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போயின. "செத்த மூச்சு விட்டுக்கோப்பா, நேக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்றேன்.